எம்புட்டுல எம்புட்டு?

அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை எழுதி, அதனால் அவர் பட்ட பாடும் நான் பட்ட பாடும் போதும். கல்லூரியில் எல்லோருக்கும் அவர் ஸ்டாட்ஸ் சார். இங்கேயும் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

காளவாசலில் கல்லூரிப் பேருந்து ஏறினால் முக்கால் மணி நேரத்தில் வருகிற ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி. அங்கே சமூக மருத்துவத் துறையில் நான் உதவிப் பேராசிரியர். அவர் எங்கள் துறையின் புள்ளியியல் விரிவுரையாளர், டாக்டர் இல்லை. மருத்துவக் கல்லூரியில் டாக்டராக இல்லாமல் வேலை பார்ப்பது கல்யாண வீட்டில் சமையல்காரராக இருப்பது மாதிரி. அவர் செய்ததைத்தான் எல்லோரும் சாப்பிடுவார்கள், ஃபோட்டோவில் மட்டும் அவர் இருக்கமாட்டார். பேராசிரியர்கள் கட்டுரை எழுதினால் கணக்கெல்லாம் போட்டுக் கொடுப்பது அவர். கட்டுரை அச்சில் வரும்போது ஆறு பேர் பெயர் இருக்கும், ஏழாவதாகக்கூட அவர் இருக்கமாட்டார். அதற்காக அவர் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை.

ஆனால் அவரிடம் ஒரு வியாதி இருந்தது. யார் எதைச் சொன்னாலும், "எம்புட்டுல?" என்று கேட்பார். பத்துப் பேருக்குக் குணமானது என்றால், எத்தனை பேரில் பத்து? அது தெரியாமல் அவரால் அடுத்த வாய் டீ குடிக்க முடியாது.

கேன்டீனில் ஒருநாள் நான் சும்மா இருக்காமல், "இன்னைக்கு வடை சூப்பர் சார்" என்றேன்.

"எம்புட்டு சாப்புட்டீங்க மேடம்?"

"ஒண்ணுதான்."

"ஒண்ண வச்சு மொத்தச் சட்டியையும் சொல்லக்கூடாதுல்ல."

இன்னொரு நாள் அறுவை சிகிச்சைத் துறையின் புதிய டாக்டர் ஒருவர், இந்த ஆபரேஷனில் இதுவரை தனக்கு ஒன்றுகூடத் தோற்றதில்லை என்று பத்துப் பேர் முன்னால் சொல்லிக்கொண்டிருந்தார். இவர் பின் வரிசையிலிருந்து பணிவாக, "எம்புட்டுல சார்?" என்றார். கேட்டுப் பார்த்தால் மொத்தமே இரண்டு. அந்த டாக்டர் அதன்பிறகு ஒரு வருடம் இவர் இருக்கிற பக்கமே வரவில்லை.

என் வீட்டையும் அவர் விடவில்லை. வில்லாபுரத்தில் எங்கள் தெருவுக்கே மாப்பிள்ளை பார்த்துக் கொடுக்கிற தரகர் ஒருவர் என் தங்கைக்கு வரன் கொண்டுவந்தார். பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்று அம்மாவுக்கு ஒரே குஷி. நான் அதைத் துறையில் சொன்னதும் இவர், "இல்லாத அந்த ரெண்டு எதுன்னு கேட்டீங்களா?" என்றார். கேட்டோம். தரகர் அன்று போனவர்தான். அம்மா இரண்டு மாதம் ஸ்டாட்ஸ் சாரைக் கரித்துக் கொட்டினாள். பிறகு அந்த மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகியிருந்தது தெரிந்ததும், அவருக்கு ஒரு டப்பா அதிரசம் கொடுத்தனுப்பினாள்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது ரொம்பப் பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது. அவர் அப்பா சோழவந்தான் பக்கத்தில் வெற்றிலைக் கொடிக்காலில் கூலி வேலை பார்த்தவர். சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. வெற்றிலையை நூறு நூறாக எண்ணிக் கவுளி கட்டுவது வேலை. எண்ணிக்கையில் ஒன்று குறைந்தாலும் வசவு வரும். அந்த அப்பாவுக்கு இரவல் நோட்டில் கவுளிக் கணக்கு எழுதிக் கொடுத்தபடியே படித்த பிள்ளை எம்.எஸ்ஸி. முடித்து எங்கள் கல்லூரிக்கு வந்தார். வந்து பதினாலு வருடமாக அதே விரிவுரையாளர்.

கொரோனா வந்தது. முதல் இரண்டு மாதம் எல்லோரும் பயந்தோம். மூன்றாவது மாதம் எல்லோரும் எழுத ஆரம்பித்தோம்.

அந்தக் கூத்தை நான் எப்படிச் சொல்வது! தோல் டாக்டர் முகக்கவசத்தால் வரும் அரிப்பைப் பற்றி எழுதினார். கண் டாக்டர் வீட்டிலிருந்து பாடம் கேட்கும் மாணவர்களின் கண் எரிச்சலைப் பற்றி எழுதினார். பிணங்களோடு மட்டுமே புழங்கிவந்த உடற்கூறியல் பேராசிரியர், பிணம் இல்லாமல் பாடம் நடத்துவதைப் பற்றி எழுதினார். இருபது வருடமாகப் பாம்புக்கடியைத் தவிர வேறு எதையும் பேசாத பொது மருத்துவப் பேராசிரியர்கூட, அந்தக் கோப்புகளை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுக் கொரோனாவுக்கு வந்துவிட்டார். கொரோனா என்று தலைப்பில் இருந்தால் இதழ்கள் வேகவேகமாக வாங்கிப் போட்டன. கட்டுரை இருந்தால்தான் பதவி உயர்வு. யாரைக் குறை சொல்ல?

ஆராய்ச்சி எல்லாம் செல்போனில்தான். இருபது கேள்வியை ஒரு படிவமாக்கி, இருக்கிற குழுக்களில் எல்லாம் தட்டிவிட வேண்டியது. திரும்பி வந்ததை அள்ளிக்கொண்டு ஸ்டாட்ஸ் சார் மேஜைக்கு வர வேண்டியது.

"நூத்தி இருவது பேர் பதில் போட்டுருக்காங்க சார். கணக்கு மட்டும் போட்டுக் குடுங்க."

"எம்புட்டுல நூத்தி இருவது?"

"அதெப்படித் தெரியும்? குரூப்ல போட்டேன். குரூப்ல இருந்து வேற குரூப்புக்குப் போயிருக்கும்."

"அப்ப பின்னத்துல கீழ்ப்பக்கம் ஒண்ணுமே இல்லாம மேல்பக்கம் மட்டும் வச்சு நான் என்னா சார் செய்ய?"

எப்படியோ செய்துதான் கொடுத்தார். ஆனால் ஒவ்வொரு தாளின் அடியிலும் பென்சிலால், 'மொத்தம் எத்தனை பேர் என்று தெரியவில்லை' என்று எழுதுவார். பேராசிரியர்கள் முதல் வேலையாக அதை அழித்துவிடுவார்கள். எங்கள் துறையில் அந்த வருடம் ரப்பர் ரொம்பச் செலவானது.

கொரோனா அடங்கிய பிறகு ஒரு மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். என்ன சார் என்றேன்.

"கொரோனா வருசம் பாம்பு கடிக்கிறத நிறுத்திருச்சா மேடம்?"

"எந்தப் பாம்பு?"

"கொடிக்கால்ல எங்கப்பாகூட வேல பாத்த ரெண்டு பேரப் பாம்பு கடிச்சுச்சு. அந்த வருசந்தேன். பாம்பு அதுபாட்டுக்குத்தேன் கடிக்குது. எழுதுறவங்கதேன் நிறுத்திட்டாங்க. கொரோனாக் கட்டுரை கூடிருச்சு, கூடிருச்சுன்னு எல்லாரும் பேசுறாங்க. எதக் கொறச்சுக் கூடுச்சுன்னு யாராச்சும் எண்ணுனாங்களா?"

வெப்பமண்டல மருத்துவத்துக்கென்றே சில இதழ்கள் உண்டு. டெங்கு, எலிக்காய்ச்சல், உண்ணிக்காய்ச்சல், பாம்புக்கடி, வெறிநாய்க்கடி, குஷ்டம் என்று நம் மாதிரி ஊர்க்காரர்களுக்கு வருவதைப் பற்றி எழுத இருப்பதே அந்த நாலைந்து இதழ்கள்தான். அதில் கொரோனாவுக்கு முன், கொரோனாவின்போது, கொரோனா அடங்கிய பின் என்று ஒவ்வொரு கட்டுரையும் எந்த நோயைப் பற்றியது என எண்ணிப் பார்த்துவிடலாம் என்றார். நான் துள்ளிக் குதித்தேன். எனக்குப் பாம்பைப் பற்றிக் கவலை இல்லை. பதவி உயர்வுக்கு, முதல் பெயராக என் பெயர் வந்த கட்டுரைகள் இரண்டு வேண்டியிருந்தன. கையில் ஒன்றுதான் இருந்தது.

இந்த மாதிரி வேலையை இரண்டு பேர் தனித்தனியாகச் செய்ய வேண்டும் என்பது வழக்கம். ஒருவர் எண்ணியதை மற்றவர் பார்க்கக்கூடாது. கடைசியில் இரண்டையும் ஒப்பிட வேண்டும். அவர் ஒரு ஆள், நான் ஒரு ஆள். அவர் பழைய தடுப்பூசிச் சுவரொட்டிகளின் பின்பக்கத்தில் நாலு கோடு போட்டுக் குறுக்கே ஒன்று கிழித்து, ஐந்து ஐந்தாக எண்ணி ஆறு வாரத்தில் முடித்தார். நான் மூன்று நாள் எண்ணினேன். நாலாவது நாள் தூக்கம் வந்தது. ஐந்தாவது நாள் அவர் விடுப்பில் இருந்தார், சுவரொட்டி மேஜையில் இருந்தது. பார்த்து அப்படியே எழுதிக்கொண்டேன். காப்பி அடித்தது தெரியாமலிருக்க, பத்துக்கு ஒன்றாக மாற்றியும் வைத்தேன். எம்.பி.பி.எஸ். படித்த எனக்கு இது ஒரு பெரிய காரியமா என்று அன்று நினைத்தேன்.

என் தாளை வாங்கி மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். "சரிங்க மேடம், எழுதிருவோம்" என்றார். எழுதியது முழுக்க அவர். கொரோனா ஏறிய இடத்தில் என்னென்ன இறங்கியது, கொரோனா வடிந்த பிறகு அதை எழுதியவர்கள் எப்படிக் காணாமல் போனார்கள் என்று அலட்டல் இல்லாமல் எழுதியிருந்தார். நான் தலைப்பு வைத்தேன். என் பெயரை முதலில் போட்டேன். இதழின் இணையதளத்தில் அனுப்புகிற படிவத்தையும் நானே நிரப்பினேன்.

அங்கேதான் விழுந்தோம். அந்தப் படிவத்தில் முதல் பெயருக்கு ஒரு கட்டம், கடைசிப் பெயருக்கு ஒரு கட்டம். இரண்டையும் நிரப்பாமல் அது அடுத்த பக்கம் போகாது. கடைசிப் பெயருக்கு நாம் எங்கே போவது? நமக்கு முன்னால் ஒரு எழுத்து, அது அப்பா. என் பெயரை நான் இரண்டு கட்டத்திலும் எழுதிச் சமாளித்துவிட்டேன். அவருக்குக் கொஞ்சம் மூளையைச் செலவழித்து, முன்னெழுத்தை விரித்து, 'சோணைமுத்து' என்று கடைசிக் கட்டத்தில் போட்டேன். உலகத்தார் கடைசிப் பெயரை முழுசாக வைத்துக்கொண்டு முதல் பெயரை ஓரெழுத்தாகச் சுருக்குவார்கள் என்று எனக்கு உறைக்கவில்லை. கட்டுரை அச்சில் வந்தபோது அவர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிப் போயிருந்தார். அவர் அப்பா முழுசாக இருந்தார்.

"மேடம், எங்கப்பா பேரு வந்துருக்கு."

"வெளிநாட்டுல எல்லாம் அப்படித்தான் சார் போடுவாங்க" என்று அடித்துவிட்டேன். டாக்டர் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பினார். அதே கணக்கை வைத்து, படிவத்தையும் அதே மாதிரி நிரப்பி, தனியாக இன்னும் மூன்று கட்டுரை அனுப்பினார். நான்கிலும் சோணைமுத்து.

"இந்த விசயத்துல நம்ம பக்கத்துலயே கூடுதலா எழுதுனது எங்கப்பாதேன்" என்பார், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

"எம்புட்டுல சார்?" என்று நான் சீண்டுவேன்.

"நாலுல நாலு மேடம்."

பிறகு உதவிப் பேராசிரியராகப் பதவி உயர்வுக்கான நேர்காணல் வந்தது. அவருக்கு நான்கு கட்டுரை வேண்டும், சரியாக நான்கு இருந்தன. இந்த முறை கிடைக்காவிட்டால் அந்த இடத்துக்கு வெளியிலிருந்து ஆள் எடுப்பதாக நிர்வாகம் சொல்லிவிட்டது. பதினாலு வருடம் கழித்துப் புதிதாக வருகிற ஒருவருக்குக் கீழே இவர் உட்கார வேண்டும். அவர் விண்ணப்பத்தை அலுவலகம் ஒரே நாளில் திருப்பி அனுப்பியது. 'கட்டுரைகளை எழுதியுள்ள சோணைமுத்து என்பவர் யார்?' என்று சிவப்பு மையில் கேட்டிருந்தார்கள்.

தவறு என்னுடையது என்பதால் நானும் அவரோடு கோர்ட் வாசலில் நோட்டரி வக்கீலிடம் போனேன். வக்கீல் இதையெல்லாம் தினமும் பார்க்கிறவர். ஏற்கெனவே தட்டச்சு செய்து வைத்திருந்த தாளை நீட்டினார். இரண்டு பெயரும் ஒரே நபரையே குறிக்கும் என்று அதில் இருந்தது. கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

"ஒரே நபர் இல்லையே சார்" என்றார் இவர்.

"எல்லாரும் இப்படித்தாண்ணே போடுவாங்க. வழக்கமான வாசகம்."

"எல்லாரும்னா எம்புட்டுப் பேரு?"

வக்கீல் என்னைப் பார்த்தார். நான் வேப்பமரத்தைப் பார்த்தேன்.

"எங்கப்பா உசுரோட இருக்காரு சார். காலைலகூட போன்ல பேசுனாரு. நானும் அவரும் ஒரே ஆளுன்னு சத்தியம் பண்ணி எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

"அண்ணே, நீங்க எழுதுனது உண்மைதான? பேருதான தப்பு?"

"உண்மைய நிரூபிக்கப் பொய்யில கையெழுத்துப் போடச் சொல்றீங்களே."

அரை மணி நேரம் மல்லுக்கட்டி, வக்கீலே களைத்துப்போய் வழி சொன்னார். அப்பாவையே கூட்டிவாருங்கள், நான் எழுதவில்லை என்று அவர் எழுதிக் கொடுக்கட்டும்.

மறுநாள் காலை சோழவந்தான் பஸ்ஸில் சோணைமுத்து ஐயா வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, மஞ்சள் பையில் இரண்டு கவுளி வெற்றிலை. ஒன்று வக்கீலுக்கு, ஒன்று டீனுக்கு என்றார். வக்கீல் தாளை வாசித்துக் காட்டினார். மேற்படி நான்கு கட்டுரைகளில் எதையும் நான் எழுதவில்லை, எழுதியது என் மகன் என்று இருந்தது. பெரியவர் கவனமாகக் கேட்டார்.

"இம்புட்டு நாளு நாந்தேன் எழுதுனேன்னா இருந்துச்சு?"

"ஆமப்பா."

"என்னான்னு எழுதிருக்கேன்?"

மகன் சொன்னார், கொரோனா வந்ததும் பாம்புக்கடியைப் பற்றி எழுதுவதை விட்டுவிட்டார்கள் என்று. பெரியவர் கொஞ்சம் யோசித்தார்.

"சரியாத்தேன் எழுதிருக்கேன்" என்று சொல்லிவிட்டு, இல்லை என்று கையெழுத்துப் போட்டார்.

அன்று மத்தியானம் நடந்த நேர்காணலில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் டீன், நிர்வாகத்திலிருந்து ஒருவர், வெளியூரிலிருந்து வந்த ஒரு பேராசிரியர். துறைத்தலைவர் விடுப்பு என்பதால் கோப்புகளை எடுத்துக் கொடுக்க நான் ஓரமாக நின்றேன். பெரியவரின் தாளைப் படித்து மூவரும் சிரித்து முடித்தார்கள். பெயர்ச் சிக்கல் தீர்ந்தது. அப்பாடா என்று நான் மூச்சுவிட்டபோது வெளியூர்ப் பேராசிரியர் ஒரு சம்பிரதாயக் கேள்வி கேட்டார். எல்லோரிடமும் கேட்பதுதான், எல்லோரும் 'முழுக்க நான்தான் சார்' என்பார்கள்.

"இந்த நாலுல உங்க பங்கு எவ்வளவு?"

"மூணரை சார்."

டீன் பேனாவைக் கீழே வைத்தார். "விதிப்படி நாலு வேணும். அந்த அரை யாரோடது?"

அவர் என் பக்கம் கையைக் காட்டினார். "மேடத்தோடது சார். முதல் கட்டுரைல."

அந்தக் கட்டுரை என் பட்டியலிலும் இருந்தது. அதோடு சேர்த்துத்தான் எனக்கு இரண்டு. அடுத்த ஆறு மாதத்தில் என் நேர்காணல். நான் வாயை மூடிக்கொண்டு நின்றால் எனக்கு ஒன்றும் ஆகாது, அவருக்கு அரை குறையும். அந்த அரைக்குப் பின்னால் பதினாலு வருடம் இருந்தது. பெரியவர் வெளியே பெஞ்சில் வெற்றிலையோடு உட்கார்ந்திருந்தார். நான் நல்லவள் என்பதால் பேசினேன் என்று சொல்ல ஆசைதான். வெட்கம் தாங்காமல்தான் பேசினேன்.

"சார், எனக்கு அதுல அரை கிடையாது. நான் எண்ணவே இல்ல. அவர் தாளப் பாத்து எழுதிட்டேன்."

டீன் முகம் கறுத்தது. "ரெண்டு பேர் தனித்தனியா எண்ணுனதுன்னு கட்டுரைல பொய்யா போட்டுருக்கீங்க?"

"இல்ல சார்" என்றார் இவர் அவசரமாக. "மேடம் தாளு பத்துக்கு ஒண்ணு கரெக்டா மாறிருந்துச்சு. அதப் பாத்துட்டு, ஒரு மாசம் விட்டு நானே முதல்ல இருந்து மறுபடி எண்ணுனேன். கட்டுரைல அப்படித்தேன் போட்டுருக்கு. ஒரே ஆளு ரெண்டு தடவை எண்ணுனதுன்னு."

வெளியூர்ப் பேராசிரியர் பக்கத்தைப் புரட்டினார். தலையாட்டினார். பிறகு கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"நீங்கதானம்மா முதல் ஆசிரியர்? உங்க கட்டுரைய நீங்க படிக்கலையா?"

நான் படித்ததில்லை. என் பெயர் சரியாக வந்திருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்திருந்தேன்.

"எல்லாம் தெரிஞ்சும் எதுக்குய்யா அவங்களுக்கு அரை குடுத்தீங்க?" என்றார் டீன்.

அவர் முதல் தடவையாகக் கணக்கு வராமல் நின்றார். "அவங்க பேரு முதல்ல இருக்கு சார். அதுகூடக் குடுக்காட்டி நாலு பேரு முன்னாடி அவங்களுக்குச் சங்கடம்ல" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

அந்த மனிதர் வாழ்நாளில் தெரிந்தே ஒரு கணக்கைத் தப்பாகச் சொல்லியிருந்தால் அது இது ஒன்றுதான். அதையும் எனக்காக, தன் பதவி உயர்வைப் பணயம் வைத்துச் சொல்லியிருந்தார். எனக்கு அழுகை வந்தது. கோப்பைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன்.

"சரி. அப்ப முழுசும் உங்களுது. நாலு. முடிஞ்சது" என்றார் டீன்.

"இல்ல சார். தலைப்பு மேடம் வச்சது. ஃபார்மும் அவங்கதேன் நிரப்புனாங்க."

"அந்த ஃபார்மாலதான்யா இம்புட்டுப் பஞ்சாயத்தும்!"

"இருந்தாலும் வேலை வேலைதான சார். அவங்களுக்குக் கால் போட்டுக்கலாம். எனக்கு மூணே முக்கால்."

வெளியூர்ப் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சிரிப்பை அடக்கத்தான் என்று நினைக்கிறேன். "மூணே முக்கால நாலாக் கணக்கு வச்சுக்கலாமா? உங்க சாஸ்திரத்துல இடம் உண்டா?"

"உண்டு சார். ஆனா கீழ ஒரு குறிப்பு போட்டுருங்க."

போட்டார்கள். எங்கள் கல்லூரியின் நேர்காணல் பதிவேடுகளில் அடிக்குறிப்போடு வழங்கப்பட்ட பதவி உயர்வு அது ஒன்றுதான். இரண்டு வருடம் உதவிப் பேராசிரியராக இருந்துவிட்டு, அவர் வேறு மாவட்டத்துக் கல்லூரிக்குப் போய்விட்டார்.

நேர்காணலுக்கு மறுநாள் என் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மொத்தம் ஒன்பது கட்டுரைகள். ஒவ்வொன்றிலும் நான் உண்மையில் என்ன செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். சிலவற்றில் யார் யார் இருந்தார்கள் என்பதுகூட மறந்துபோயிருந்தது. அவரோடு சேர்ந்த அந்த ஒன்றுக்கு நேராக மட்டும் 'கால்' என்று எழுதி அலுவலகத்தில் கொடுத்தேன். என் பதவி உயர்வு ஒரு வருடம் தள்ளிப்போனது. மற்ற எட்டில் என் பங்கு எவ்வளவு என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது. இந்தக் காலை மட்டும் யார் கேட்டாலும் தைரியமாகச் சொல்வேன்.